பனிச்சரிவில் உற்ற துணை

பனி என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழ்நாட்டு மாணவர் உள்ளத்தில் எழுவது மார்கழித் திங்களின் விடியற்காலையே ஆகும். புல்நுனியில் தங்கும் துளியும், வயல்வெளியை மூடி நிற்கும் வெண்புகை போன்ற மூடுபனியும், கதிரவன் எழுந்த சிறு பொழுதிற்குள் மறைந்துவிடும் குளிருமே நாம் அறிந்த பனி. வானினின்று பஞ்சு போல் இறங்கி, தரையில் ஆளுயரத்திற்கும் மேலாகக் குவிந்து, திங்கள் பல கரையாது கிடக்கும் பனிக்கும் நம் மொழியில் இச்சொல்லே வழங்குகின்றது. சொல் ஒன்றாயினும் பொருள்கள் தம்முள் பெரிதும் வேறுபட்டவை. முன்னது இளவெயிலுக்கு அஞ்சுவது. பின்னதோ, சரிந்து வீழுங்கால் ஊரையே புதைக்க வல்லது.

இப்பெரும்பனி பெய்யும் நாட்டினர், அதன்மேல் கால் புதையாமல் செல்லுதற்பொருட்டு, நீண்ட பலகைகளைக் காலிற் பிணித்துக்கொண்டு சறுக்கிச் செல்லும் வழக்கத்தைப் பண்டே கண்டனர். நார்வே, சுவீடன் முதலிய வடநாடுகளில் வேட்டைக்கும் வழிப்போக்கிற்கும் பயன்பட்ட அப்பலகை, காலப்போக்கில் விளையாட்டுக் கருவியாயிற்று. இன்று அவ்விளையாட்டு இருவகையாக நிகழ்கின்றது. ஒன்று, அதற்கென அமைந்த மலைச்சரிவுகளில் நிகழ்வது. அங்கே கம்பியில் தொங்கும் இருக்கைகள் மனிதரை மேலே கொண்டு சேர்க்கும். காவலர் நாள்தோறும் விடியலில் சரிவுகளை ஆராய்வர். வீழத்தக்க பனி இருப்பின், மக்கள் வருமுன்னரே வெடிவைத்து அதனை வீழ்த்திவிடுவர். மற்றொன்று, அவ்வெல்லைக்கு அப்பால், ஆளரவமற்ற மலைகளில் தம் காலாலேயே ஏறித் தம் விருப்பம்போல் இறங்குவது. ஏறும்போது பின்னோக்கி வழுக்காமல் இருத்தற்குப் பலகையின் அடியில் மயிரடர்ந்த பட்டைகளை ஒட்டிக்கொள்வர். உச்சியை அடைந்ததும் அவற்றை உரித்துப் பையில் இட்டு, யாரும் தடம் பதியாத வெண்பரப்பில் பறவைபோல் இறங்குவர். அவ்வின்பத்தை ஒருமுறை நுகர்ந்தோர் மறவார் என்பர். ஆயினும் அங்கே காவலர் இலர்; வெடிவைத்துக் காப்பார் இலர்; இடர் நேரின் உடனே ஓடிவருவாரும் இலர். உடன்வந்த நண்பர் நால்வரோ ஐவரோ மட்டுமே உளர். இச்செய்தியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்வருவனவெல்லாம் இதனைச் சார்ந்தே நிற்கும்.

பனி ஏன் சரிகின்றது? மலைமேல் கிடக்கும் பனி, பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றினும், உண்மையில் அஃது ஓலைச்சுவடி போன்றது. ஒவ்வொரு பொழிவும் ஓர் ஏடு. காற்று அடித்துக் குவித்த ஏடு கெட்டியாக இருக்கும். தெளிந்த இரவின் கடுங்குளிரில் மேற்பரப்பிற் பூத்த பனிப்பூக்கள் ஓர் ஏடாக நின்று, அடுத்த பொழிவின் கீழ் மறையும். சில ஏடுகளில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சருக்கரைமணிபோல் உதிரியாகிவிடும். இத்தகைய உதிரி ஏட்டின்மேல் கெட்டியான ஏடு ஒன்று பரந்து கிடக்குமாயின், அந்நிலை எண்ணெய் தடவிய பலகைமேல் வைத்த கல்லை ஒக்கும். ஒருவர் உடற்பாரம் அதன்மேற்பட்ட அளவிலே, கீழுள்ள மெல்லேடு நொறுங்க, மேலேடு பாளமாகப் பிளந்து இறங்கும். சில வேளை, நொறுங்கும் அவ்வோசை ‘வும்’ என்று காலடியிற் கேட்கும். மலையறிவு உடையோர் அவ்வோசையைக் கேட்டதும் வந்த வழியே திரும்புவர்.

சரிவின் அளவும் நோக்கத்தக்கது. பாளமாக இறங்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைப்புறங்களிலேயே தோன்றுகின்றன. அதனினும் செங்குத்தான பாறையில் பனி தங்குவதில்லை. அதனினும் குறைந்த சாய்வில் எளிதில் நகர்வதில்லை. இரங்கத்தக்கது யாதெனின், சறுக்குவோர்க்கு மிக்க மகிழ்ச்சி தருவதும் அந்த 30 முதல் 45 பாகைச் சரிவேயாம். மேலும், விபத்தில் அகப்படுவோருள் பத்தில் ஒன்பதின்மர் அளவினர், தம்மாலோ தம் குழுவினராலோ கிளப்பப்பட்ட சரிவிலேயே அகப்படுகின்றனர். மலை தானே வந்து வீழ்தல் அரிது. மனிதன் சென்று அதனைத் தட்டி எழுப்புதலே பெரிது. எனினும் அவ்வரிய நிகழ்ச்சியும் நேர்வதுண்டு என்பதனைப் பின்னர்க் காண்போம்.

ஓடும்போது நீர்போற் புரண்டுவரும் அப்பனி, நின்ற அக்கணத்திலேயே இறுகிவிடுகின்றது. அதனுள் புதைந்தவர், தம் விரலையும் அசைக்க இயலாதவராவர். மேல் எது, கீழ் எது என அறியார். பனித்திரளில் காற்று உண்டு. ஆயினும் அவர் விடும் மூச்சின் வெப்பத்தால் முகத்தைச் சூழ்ந்த பனி உருகி மீண்டும் உறைந்து, கண்ணாடிபோல் ஓர் உறையாகிவிடும். விட்ட காற்றையே மீண்டும் உள்ளிழுக்கும் நிலை நேரும். அங்கே உயிரைப் போக்குவது குளிர் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. மூச்சடைப்பினால் இறப்போரே மிகப் பலர். மரத்திலும் பாறையிலும் மோதுண்டு இறப்போர் அவர்க்கு அடுத்த தொகையினர். குளிரால் இறப்போர் மிகச் சிலர். குளிர் தன் வேலையைச் செய்து முடிக்கும் அளவிற்குக் காலம் எஞ்சுவதில்லை.

அக்காலம் எத்துணை என்பதனைச் சுவிட்சர்லாந்து நாட்டு விபத்துக் குறிப்புகளைக் கொண்டு அறிஞர் கணக்கிட்டுள்ளனர். 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கின்படி, முழுதும் புதையுண்டோரை 15 நிமிடத்திற்குள் எடுத்துவிட்டால் நூற்றுவருள் தொண்ணூற்றின்மர்க்கு மேற்பட்டோர் பிழைப்பர். 35 நிமிடம் ஆகுமாயின் முப்பதின்மர் அளவினரே பிழைப்பர். புதிய குறிப்புகளையும் சேர்த்து 2024-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கடுமையானது. அதன்படி 10 நிமிடம் வரையிலே தொண்ணூற்றொருவர் பிழைப்பர். 30 நிமிடத்தில் அத்தொகை முப்பத்தொன்றாக வீழ்கின்றது. பள்ளியில் ஒரு பாடவேளை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகின்றது.

இதற்கு விலக்காக ஒரு செய்தியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். 2016-ஆம் ஆண்டு பெப்ரவரி 3-ஆம் நாள், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், சியாச்சின் பனிமலையில் மதராஸ் படைப்பிரிவின் வீரர் பதின்மர் காவல்புரிந்த நிலையத்தின்மேல் பெரும்பனி சரிந்து வீழ்ந்தது. அவருள் தமிழ்நாட்டினரும் இருந்தனர். ஆறு நாள்களுக்குப் பின், பல அடி ஆழத்தினின்று கருநாடக மாநிலத்தவரான அனுமந்தப்பா என்னும் வீரர் உயிருடன் எடுக்கப்பட்டார். நாடே அவர்பொருட்டு வேண்டி நின்றது. எனினும் அம்மாதம் 11-ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர் ஆறு நாள் உயிர்தாங்கியது, இடிந்த கூடாரத்தினுள் காற்று தங்கும் வெளி ஒன்று அமைந்திருந்தமையால் எனக் கருதினர். திறந்த சரிவில் புதைவோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இனி, மீட்போர் யாவர் என்பது ஆராய்தற்குரியது. ஆல்ப்ஸ் மலையில் பெரிய புனித பெர்னார்டு கணவாயில் துறவிகள் வளர்த்த நாய்கள் உலகப்புகழ் பெற்றவை. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்னும் நாய், நாற்பதின்மர்க்கு மேற்பட்டோரை மீட்டது என்பர். அதன் உடல் பாடம் செய்யப்பட்டு இன்றும் பெர்ன் நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் நிற்கின்றது. அதன் கழுத்தில் சிறிய மதுப்பீப்பாய் ஒன்று தொங்குவதாக எழுதும் படமெல்லாம் ஓவியர்தம் கற்பனை. இந்நாளிலும் பயிற்சி பெற்ற நாய்கள் மோப்பத்தால் செய்யும் வேலை வியக்கத்தக்கதே. ஆயினும் நாயும், அதனைக் கொண்டுவரும் ஹெலிகாப்டரும், மீட்புப்படையும் செய்தி கேட்டுப் புறப்பட்டு மலையை அடைவதற்குள் முற்கூறிய பத்து நிமிடம் கழிந்துவிடும். பெரும்பாலும் முப்பதும் கழிந்துவிடும். ஆதலின் பனியில் புதைந்தவர்க்கு உற்ற துணை, அவரோடு உடன்சென்று, புதையாமல் மேலே நிற்கும் தோழரே. வேறொருவரும் இலர்.

அத்தோழர்க்கு அன்பு மட்டும் போதாது. வெறுங்கையால் இறுகிய பனியைப் பறித்தல் சுவரைக் கீறுதலை ஒக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை வெளிக்கொணர ஒரு டன்னுக்கு மேற்பட்ட பனியை அகற்றுதல் வேண்டும். அன்றியும், அகற்றவேண்டிய இடம் எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். முன்னாளில் சறுக்குவோர் செந்நிறக் கயிறு ஒன்றை இடுப்பிற் கட்டி வாலாக இழுத்துச் செல்வர். உடல் புதைந்தாலும் கயிற்றின் ஒரு நுனி மேலே கிடக்கும் என்பது அவர் நம்பிக்கை. பல வேளை கயிறும் புதைந்தது. 1968-இல் ஜான் லாட்டன் என்னும் அமெரிக்கப் பொறியியலார் உடலில் அணியத்தக்க சிறிய வானொலிக் கருவி ஒன்றை அமைத்தார். அவ்வகைக் கருவி இன்று டிரான்சீவர் எனப்படும். எல்லா நாட்டுக் கருவிகளும் இப்போது 457 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலையெண்ணில் இயங்குகின்றன. நடக்கும்போது அனைவர் கருவியும் ஓயாது குறியலையை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்தால், மேலே உள்ளோர் தம் கருவியை வாங்கும் நிலைக்கு மாற்றி அவர் அலையைத் தேடுவர்.

டிரான்சீவர், துழாவுகோல், மண்வாரி ஆகிய இம்மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். துழாவுகோல் என்பது கூடாரக்கழிபோல் மடங்கி, நீட்டினால் இரண்டரை மூன்று மீட்டர் அளவுள்ள மெல்லிய கோல். மண்வாரி உலோகத்தாலாகியது; பிடி தனியே கழன்று பையில் அடங்குவது. குழுவில் ஒருவரிடம் இருந்தால் போதாதோ எனின், போதாது. அவரே புதைந்துவிட்டால் யாது செய்வது? இன்னொன்றும் உண்டு. தன் கருவி தன்னைக் காக்கும் என்று ஒருவன் எண்ணுவானாயின் அவன் அதன் இயல்பை அறியாதவன். அவன் மார்பிலுள்ள டிரான்சீவர் அவன் தோழன் கைக்குத்தான் பயன்படும். அவன் பையிலுள்ள மண்வாரி பிறனை எடுக்கத்தான் உதவும். தனக்கென ஒன்றும் சுமவாமல் பிறர்க்கெனவே அனைத்தும் சுமக்கும் விந்தையான மூட்டை அது.

தேடும் முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். பனி ஒருவரை வாரிச் செல்லுங்கால், மற்றையோர் கண்ணிமையாமல் அவரை நோக்கி, கடைசியாகத் தோன்றிய இடத்தை மனத்திற் குறித்துக்கொள்வர். பின்னர் மேலிருந்து இன்னொரு சரிவு வருமோ என ஒருகணம் நோக்குவர். மீட்கச் சென்றவரே புதையுண்ட நிகழ்ச்சிகள் பல. ஒருவர் தலைமை ஏற்பார். அனைவரும் தம் கருவியை வாங்கும் நிலைக்கு மாற்றுவர்; ஒருவர் மறந்து அனுப்பும் நிலையிலேயே இருந்துவிட்டால், பிறர் கருவிகளெல்லாம் புதைந்தவரை விட்டு அவரையே சுட்டிக்கொண்டிருக்கும். கைப்பேசி முதலியவற்றையும் தேடும் கருவியினின்று அரைமீட்டர் தொலைவிற்கு அப்பால் வைத்தல் வேண்டும். இல்லையேல் அலை குழம்பும்.

அதன்பின், குறிக்கப்பட்ட இடத்தினின்று கீழ்நோக்கி ஓட்டமும் நடையுமாகச் செல்வர். பனிமேற் கிடக்கும் கையுறை, ஊன்றுகோல் முதலியவற்றையும் கண் தேடும். முதல் ஒலி கேட்டதும் கருவியின் முகத்தில் அம்பும் எண்ணும் தோன்றும். எண் என்பது தோராயமான தொலைவு. அம்பு காட்டும் வழி நேர்வழியாக இராது, வளைந்து செல்லும். காந்த அலையின் இயல்பு அது. எண் குறையக் குறைய நடையைத் தளர்த்தி, மூன்று மீட்டர் அளவில் வந்ததும் குனிந்து, கருவியைப் பனிமேல் ஒட்டிப் பிடித்து, நெடுக்கும் குறுக்குமாக மெல்ல நகர்த்தி, எண் மிகக் குறையும் இடத்தைக் காண்பர். விரைந்து ஓடிவந்தவர் இவ்விடத்தில் பொறுமை கொள்ளுதல் அரிது. ஆயினும் இங்கே காட்டாத பொறுமைக்கு ஈடாகப் பின்னர் மண்வாரியால் பன்மடங்கு உழைக்க நேரும்.

குறித்த இடத்தில் துழாவுகோலைச் சரிவுக்குச் செங்குத்தாக ஊன்றுவர். தட்டுப்படாவிடின் அவ்விடத்தைச் சுற்றிக் கால்மீட்டர் இடைவிட்டு, நத்தை ஓட்டின் சுழிபோல் மேலும் மேலும் ஊன்றிச் செல்வர். தரை கல்லென்று ஒலிக்கும். மனித உடலோ மெத்தெனத் தடுக்கும். தட்டுப்பட்ட கோலைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிடுதல் முறை. அதுவே தோண்டுவோர்க்குக் குறி. தோண்டுவது கோலின் நேர்மேலே அன்று. கீழ்ச்சரிவிலே, ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளித் தொடங்கிப் பக்கவாட்டாக உள்நோக்கிச் செல்லுதலே ஏற்றது. மேலே நின்று மிதிப்பின், புதைந்தவர் முகத்தருகே உள்ள சிறு காற்றுவெளியும் நசுங்கும். முன்னிற்பவர் பனியை வெட்டுவார். பின்னிற்போர் அதனை ஓடம் வலிப்பார்போல் பின்னுக்குத் தள்ளுவர். சில நிமிடத்திற்கு ஒருமுறை முன்னவர் பின்னும் பின்னவர் முன்னுமாக மாறுவர். முகம் தெரிந்ததும் முழுவுடலையும் எடுக்க முயலாது, வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை நீக்கி, மார்பின்மேல் உள்ள பாரத்தை அகற்றுவர். மூச்சு இல்லையெனின் அங்கேயே செயற்கை மூச்சு அளிப்பர். குளிர் காத்தல் அதன் பின்னரே.

இவையெல்லாம் ஏட்டில் படித்து வருவன அல்ல. கை பழகி வருவன. இத்தகைய கைப்பழக்கம் உயிர்காத்த நிகழ்ச்சி ஒன்று கனடா நாட்டில் 2003-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் செல்கர்க்கு மலைத்தொடரிடையே ரோஜர்ஸ் கணவாய் என்னும் இடம் உள்ளது. பனிச்சரிவிற்குப் பெயர்போன இடம் அது. 1910-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் இரவு, கீயாப்ஸ் மலையினின்று வீழ்ந்து இருப்புப்பாதையை மூடிய பனியைத் தொழிலாளர் அகற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்புறத்து மலையினின்று மற்றொரு சரிவு இறங்கி 58 பேரைக் கொன்றது. அவருள் 32 பேர் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர். அதன்பின் இருப்புப்பாதைக் கழகத்தார் அக்கணவாயையே கைவிட்டு, மலையைக் குடைந்து 1916-இல் சுரங்கவழி திறந்தனர். 1962-இல் நெடுஞ்சாலை அவ்வழியே வந்தபோது, பனியைப் பீரங்கியாற் சுட்டு வீழ்த்தும் பணியைக் கனடா நாட்டுப் படையினர் மேற்கொண்டனர்.

அக்கணவாயின் அருகே கன்னாட் ஓடை என்னும் பள்ளத்தாக்கு உண்டு. அதன் தலைப்பில் பாலு கணவாய் இருக்கின்றது. வட இந்தியாவில் கரடிக்கு வழங்கும் பெயரை அப்பெயர் நினைப்பூட்டும். 2003-ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாள் காலை, ஆல்பர்ட்டா மாநிலத்துப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த மாணவர் பதினால்வரும் பெரியவர் மூவரும் அப்பள்ளத்தாக்கில் பலகை பூண்டு ஏறிச் சென்றனர். மாணவர் பத்தாம் வகுப்பினர்; பதினைந்து பதினாறு வயதினர். அவர்கள் ஆயத்தமின்றி வந்தவரல்லர். டிரான்சீவரும் துழாவுகோலும் மண்வாரியும் அவர்களிடம் இருந்தன. அன்றைய பனிச்சரிவு அறிக்கையும் நோக்கப்பட்டிருந்தது. ஐந்து படிகளுள் மூன்றாம் படியான ‘குறிப்பிடத்தக்க இடர்’ என்பது மேல்மலைக்கு விதிக்கப்பட்டிருந்தது. அவர்கள் சென்றதோ பள்ளத்தாக்கின் அடி. ஒருவரையொருவர் நெருங்காமல் இடைவிட்டும் சென்றனர்.

நண்பகலுக்குச் சற்று முன், முற்கூறிய கீயாப்ஸ் மலையின் வடமுகத்தினின்று பனி தானே பிளந்து இறங்கியது. பருவத்தின் தொடக்கத்தில் உருவான நொய்ந்த ஏடு ஒன்று, திங்கள் பல ஆழத்தில் மறைந்திருந்து அன்று முறிந்தது. பள்ளத்தாக்கில் மேலே முன்சென்றிருந்த வேறு இருவர், மலையிற் பழகியவர், அதனைக் கண்டு கூவி எச்சரித்தனர். ஓடி ஒளிய இடம் இல்லை. பதினேழு பேரும் பனியுட்பட்டனர். சிலர் ஓரளவும் பலர் முழுதும் புதைந்தனர். தேட வல்லவர் எனக் குழுவில் ஒருவரும் அக்கணத்தில் எஞ்சவில்லை.

கண்டு நின்ற அவ்விருவரும் அவர்க்கு உறவினர் அல்லர்; குழுவினரும் அல்லர். எனினும் உடனே கீழிறங்கி, கருவியை மாற்றித் தேடத் தொடங்கினர். பதினேழு அலைகள் ஒரே காலத்தில் ஒலிக்கும்போது ஒன்றைப் பிரித்தறிதல் எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்னும் கொடியது, யாரை முதலில் தோண்டுவது என்னும் வினா. ஆழத்தில் உள்ள ஒருவர்க்கே காலமெல்லாம் செலவிடின், மேலாகக் கிடக்கும் மூவர் மூச்சடைத்து இறப்பர். ஆதலின் எளிதில் எடுக்கத்தக்கவரை முதலில் எடுப்பதே நெறி. அவ்வாறு எடுக்கப்பட்டவரும் மண்வாரி ஏந்தினர். இருவராய்த் தொடங்கிய கைகள் பலவாயின. பூங்காக் காவலர் ஹெலிகாப்டரில் வந்து சேருமுன்னரே உயிர்மீட்கும் பணியின் பெரும்பகுதி இவ்வாறு நடந்தேறியது. பதின்மர் பிழைத்தனர். மாணவர் எழுவர் இறந்தனர்.

அதே நாளில்தான் கொலம்பியா என்னும் விண்கலம் திரும்பும் வழியில் சிதறி, நம் நாட்டிற் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். உலகத்தார் கண்ணெல்லாம் வானை நோக்கியிருந்தமையால், மலையடியில் மடிந்த இவ்வெழுவரைப் பற்றிக் கனடாவிற்கு அப்பால் பலர் அறியாராயினர்.

அவ்விருவர் அங்கே இராவிடின் யாது நேர்ந்திருக்கும் என்னும் வினா கனடா நாட்டினரை உறங்கவிடவில்லை. பிழை எங்கே என்று ஆராய்ந்தவர்க்கு, கருவியிலன்று, இடத்தேர்விலே என்பது புலனாயிற்று. பள்ளத்தாக்கின் அடியும் மேல்மலையின் வாய்க்குள் இருக்கக்கூடும். ஆகவே 2004-இல் மலைவழிகளையெல்லாம் எளியது, கடியது, சிக்கலுடையது என மூவகையாகப் பிரித்து வகுக்கும் முறை தோன்றியது. அறிக்கை நாள்தோறும் மாறும். நிலத்தின் வகையோ மாறாது. சிறுவரைப் பொறுப்பேற்று அழைத்துச் செல்லும் குழுக்கள், அந்நாட்டு மலைப்பூங்காக்களில் குளிர்காலத்தில் மூன்றாம் வகை நிலத்துட் புகுதல் கூடாது. இரண்டாம் வகையுள் தகுதிச்சான்று பெற்ற வழிகாட்டியோடே செல்லல் வேண்டும் என விதிக்கப்பட்டது. நாடு முழுமைக்குமான பனிச்சரிவு நடுவம் ஒன்றும் அவ்வாண்டில் நிறுவப்பட்டது.

சிறுவர்தாமே அறியாது அகப்படுவர் என்று கருதுதலும் பிழையாம். 2012-ஆம் ஆண்டு பெப்ரவரி 19-ஆம் நாள், அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் கணவாயை அடுத்த டன்னல் ஓடைச் சரிவில், பனிச்சறுக்கில் தேர்ந்தோர் ஏறத்தாழப் பதினாறு பேர் ஒருங்கே இறங்க முற்பட்டனர். மூவர் இறந்தனர். அக்குழுவினருள் சிலர்க்கு, இத்துணைப் பேர் ஒன்றாகச் செல்லுதல் தகுமோ என்னும் ஐயம் முன்னரே எழுந்திருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது. அவர்கள் அதனை வாய்விட்டு உரைக்கவில்லை. மற்றவரெல்லாம் வல்லவராயிற்றே, நாம் என்ன சொல்வது என்று ஒவ்வொருவரும் எண்ணினர் போலும். அறிவு அங்கே குறைவுபடவில்லை, நாவே குறைவுபட்டது. அச்சரிவில் அகப்பட்ட ஒருவர், பையினின்று விரியும் காற்றுப்பையால் பிழைத்தார். நெல்லும் வேர்க்கடலையும் கலந்த கலத்தைக் குலுக்கினால் பெரியது மேலே வருதல் போல, பருமன் மிகுந்த உடல் ஓடும் பனியின் மேற்புறம் வருதலே அக்கருவியின் நுட்பம். அதனையும் இழுத்து விரிக்கும் கை தளராதிருத்தல் வேண்டும்.

ஆகவே நற்பயிற்சி பெற்ற குழுக்களில் சில வழக்கங்கள் நிலைபெற்றுள்ளன. ஐயமுள்ள சரிவை ஒவ்வொருவராகவே கடப்பர். ஏனையோர் ஏமமான இடத்தில் நின்று அவரையே நோக்கியிருப்பர். எல்லாரும் ஒருங்கே புதைந்தால் எடுப்பார் இலர் என்பது அதன் காரணம். குழுவில் இளையவர் ஒருவர் ‘வேண்டா’ என்று உரைப்பினும் அனைவரும் திரும்புவர். காரணம் கேட்டு அவரை நாணச் செய்யார்.

புறப்படும் காலையிலும் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் தம் கருவியை வாங்கும் நிலையில் வைத்துக்கொண்டு இருபது அடி முன்சென்று நிற்பார். ஏனையோர் இடைவிட்டு ஒருவர்பின் ஒருவராக அவரைக் கடந்து செல்வர். ஒவ்வொருவர் கடக்கும்போதும் அவர் கையிலுள்ள கருவி ஒலிக்கின்றதா எனக் கேட்பார். ஒலியாவிடின் அவரை நிறுத்தி மின்கலத்தை மாற்றச் செய்வார். கடைசியில் தலைவர் தம் கருவியை அனுப்பும் நிலைக்குத் திருப்புவார். அதுவும் ஒலிக்கின்றதா என இறுதியில் நின்றவர் தம் கருவியால் கேட்டறிந்து கைகாட்டுவார். அதன்பின்னரே முதற்பலகை பனியின்மேல் நகரும்.